சுத்தம் செய்த சதுரங்கள்

பிரிக்பீல்ட்ஸ்,
4 மார்ச் 2024

அன்புள்ள அமுதவள்ளி,

பேரன் பிறந்த செய்தியைப் பழனியப்பன் சொன்னார். மலர்விழியும் குழந்தையும் நலம்தானே? காஜாங்கில் இரண்டு மாதம் மகளின் சமையலறையில் நின்றே தீர்த்திருப்பீர்கள். காப்பார் திரும்பியதும் இரண்டு நாளாவது காலை நீட்டிப் படுங்கள். நான் இங்கே பதினோராம் மாடியில் காலை நீட்டித்தான் உட்கார்ந்திருக்கிறேன். முழங்கால் மாற்றி ஒன்றரை வருடம் ஆகிவிட்டது. டாக்டர் நடக்கச் சொல்கிறார், பிசியோ பெண் நடக்கச் சொல்கிறாள், கீழே வாழையிலைக் கடைக்காரர்கூட "நடங்க ஆன்டி, நடங்க" என்கிறார். லிப்ட் வரைக்கும் நடந்துவிட்டுத் திரும்பி விடுகிறேன்.

நீங்கள் இல்லாத இரண்டு மாதத்துக்கும் உங்களுக்குப் பதிலாக எண்ணிய பழனியப்பன் அனுப்பிய இலைக்கட்டும் எண்ணிக்கைத் தாளும் வந்தன. நீங்கள் நாளிதழ் மடிப்புக்குள் இலையை வைத்து அழுத்தும் அழகு அவருக்கு வரவில்லை. லோரி ஓட்டியவர் அல்லவா, சாமான் ஏற்றியதுபோல் கட்டியிருக்கிறார். அது பரவாயில்லை. தாளைப் பார்த்ததும்தான் தலை சுற்றியது.

எண்ணெய்ச் செம்பனை மரங்களுக்குக் கீழே நாம் குறித்துவைத்த முப்பது சதுரத்திலும், ஐந்து வருடமாக, சதுரத்துக்கு நாலு வகைச் செடிக்கு மேல் நீங்கள் எழுதியதே இல்லை. பழனியப்பன் ஜனவரியில் ஒன்பது எழுதியிருக்கிறார். பிப்ரவரியில் பன்னிரண்டு! அந்தப் பக்கம், பழைய பழமரமும் ரப்பரும் கலந்து காடாகிப்போன ஒன்பது ஏக்கரில் வழக்கம்போலப் பதினாலுதான். ஒரே செடியை இரண்டு தடவை எண்ணிவிட்டாரா? சதுரத்தை அளக்கும் சட்டத்தை வேறு இடத்தில் போட்டுவிட்டாரா? கொஞ்சம் விசாரித்து எழுதுங்கள்.

மேலே மரம் எப்படி நிழல் விடுகிறதோ அதைப் பொறுத்துத்தான் கீழே செடிவகை கூடுவதும் குறைவதும். அதைக் காட்டத்தான் இத்தனை வருடம் எண்ணினோம். தோட்ட மேனேஜர் கமலநாதன் செப்டம்பர் கடைசிக்குள் அறிக்கை கேட்கிறார். வித்தியாசம் பெரிதாக இருந்தால் ஒன்பது ஏக்கரை விட்டுவைப்பார்கள். இல்லையென்றால் அடுத்த வருட மறுநடவில் அதையும் வெட்டிவிட்டுச் செம்பனை வைத்துவிடுவார்கள். டிசம்பரில் நான் ஆய்வு வேலையிலிருந்து ஓய்வு பெறுகிறேன். இந்த ஒன்றை மட்டும் ஒழுங்காக முடித்துவிட்டால் போதும் என்றிருக்கிறது.

உங்கள்
குணேஸ்வரி


காப்பார்,
12 மார்ச் 2024

டாக்டர் அக்காவுக்கு அமுதவள்ளி எழுதுவது.

மலர்விழியும் பையனும் நலம். பையனுக்கு ரிஷி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கூப்பிட்டால் வாயில் நிற்கவில்லை, இருந்தாலும் நம்மை யார் கேட்டார்கள்? இரண்டு மாதத்தில் நான் பத்து வயது கூடித் திரும்பியிருக்கிறேன்.

பழனியப்பன் அண்ணனை விசாரித்தேன். அவர் எண்ணியதில் தப்பில்லை அக்கா, சட்டமும் சரியான இடத்தில்தான் போட்டிருக்கிறார். நான்தான் சொல்ல மறந்துவிட்டேன். மனுஷன் சுத்தம் பண்ணாமலே எண்ணியிருக்கிறார்! "ஏண்ணே, புல்லு கில்லு எல்லாம் அப்படியே இருக்கே, பிடுங்கலையா?" என்று கேட்டால், "நா லோரி ஓட்டறவன் லா, எனக்கு என்னா தெரியும்? இருந்தத எண்ணுனேன்" என்கிறார். செம்பனைக்கடியில் சதுரம் எல்லாம் ஒரே புதராகக் கிடந்தது. பார்க்கவே எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. நீங்கள் அந்த நேரம் வந்திருந்தால் என்ன நினைத்திருப்பீர்கள்?

ஒன்றும் கவலைப்படாதீர்கள். ஐந்து வருடமாகச் செய்கிற மாதிரி, எண்ணுவதற்கு முந்தின நாள் நானே போய் முப்பது சதுரத்தையும் சுத்தம் செய்துவிடுகிறேன். நல்ல பெரணியை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் எடுத்துவிட்டால் பழையபடி நாலு வந்துவிடும். அண்ணன் எழுதிய இரண்டு தாளையும் கிழித்துப் போட்டுவிடுங்கள்.

இந்த மாத இலைக்கட்டில் ஒன்பது ஏக்கரில் எடுத்த புதுச் செடி ஒன்று வைத்திருக்கிறேன். பெயர் தெரியவில்லை. பழைய தோட்டத்து மண்டோரின் மீசை மாதிரி இரண்டு பக்கமும் முறுக்கிக்கொண்டு நிற்பதால் மண்டோர் மீசை என்று வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
அமுதவள்ளி


பிரிக்பீல்ட்ஸ்,
15 மார்ச் 2024

அமுதவள்ளி,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். போன் செய்தால் கத்திவிடுவேன் என்று பயந்துதான் எழுதுகிறேன்.

ஐந்து வருடமாகப் பிடுங்கிவிட்டு எண்ணினீர்களா? எதை எண்ணச் சொன்னேனோ அதையே பிடுங்கிப் போட்டுவிட்டு, மீதி இருந்ததை எழுதி எனக்கு அனுப்பினீர்களா? செம்பனைக்குக் கீழே நாலு வகைதான் என்று இரண்டு கருத்தரங்கில் படம் போட்டுப் பேசியிருக்கிறேன். செம்பனை ஓலை ஒரே மாதிரி விரிந்து வெளிச்சத்தை மறைப்பதால்தான் கீழே ஒன்றும் முளைக்கவில்லை என்று விளக்கம் வேறு சொன்னேன். ஓலை தடுக்கவில்லை, உங்கள் பாராங் கத்திதான் தடுத்திருக்கிறது. இது தெரிந்தால் சின்னப் பிள்ளைகள்கூடச் சிரிப்பார்கள்.

உங்களிடம் ஒப்படைத்தது என் தவறு. இனிச் செம்பனைச் சதுரங்களில் ஒரு இலையைக்கூடத் தொடவேண்டாம். மறு கடிதம் வரும்வரை அந்தப் பக்கமே போகவேண்டாம்.

குணேஸ்வரி


காப்பார்,
2 ஏப்ரல் 2024

டாக்டர் அம்மா அவர்களுக்கு,

நீங்கள் ஏழு தடவை போன் செய்ததைப் பார்த்தேன். எடுக்கவில்லை. உங்களுக்கு எழுத வருவதுபோல எனக்குப் பேச வராது. பேசினால் அழுகைதான் வரும். அதனால் இதை எழுதி முடித்துவிடுகிறேன்.

நான் முப்பது வருடம் தோட்டத்தில் புல் வெட்டியவள், களைமருந்தடித்தவள். செம்பனைக்கு அடியில், மரத்தைச் சுற்றி வட்டம் சுத்தமாக இருக்கவேண்டும். அதுதான் எனக்குத் தெரிந்த வேலை. என் அம்மாவுக்கும் அதுதான் வேலை. துரை வருகிற நாளுக்கு முந்தின நாள் காலையில் ஆள் எடுக்கும் பெரட்டில், எங்களை வேலை வாங்கும் மண்டோர் கத்துவார். "நாளைக்கு துரை வராரு. மரத்தடியில ஒரு புல்லு தெரிஞ்சா எவளுக்கும் பேரு கிடையாது, அன்னைக்குச் சம்பளமும் கிடையாது!" அன்றைக்கு முழுக்கக் குனிந்த தலை நிமிராது. துரை வருவார், காரை விட்டு இறங்காமலே பார்ப்பார், போய்விடுவார். அவர் ஒன்றும் சொல்லாவிட்டால் வேலை நல்ல வேலை.

நீங்கள் முதல் தடவை வந்தது ஒரு சனிக்கிழமை. வியாழக்கிழமையே போன் செய்து, "சனிக்கிழமை வரேன் அமுதவள்ளி" என்றீர்கள். வெள்ளிக்கிழமை நான் முப்பது சதுரத்தையும் சுத்தம் செய்தேன். நீங்கள் வந்து பார்த்துவிட்டு, "எவ்வளவு ஒழுங்கா வச்சிருக்கீங்க" என்றீர்கள். இதை நான் மறக்கவில்லை, நீங்கள் மறந்திருப்பீர்கள். ஒவ்வொரு தடவையும் வியாழன் போன், வெள்ளி சுத்தம், சனி நீங்கள். பிறகு கால் முடியாமல் நீங்கள் வருவது நின்றது. எண்ணுகிற நாளை நீங்கள் வருகிற நாளாக நினைத்துக்கொண்டு செய்தேன். ஒன்பது ஏக்கரில் ஏன் பிடுங்கவில்லை என்று கேட்பீர்கள். அது காடு. காட்டை யாராவது கூட்டிப் பெருக்குவார்களா?

பிடுங்காதே என்று உங்கள் தாளில் ஒரு வரி இல்லை. சட்டத்தை எப்படிப் போடுவது, கண்ணாடியை எந்த உயரத்தில் பிடிப்பது என்று எல்லாம் இருக்கிறது. படித்த நீங்கள் ஒரு வரி எழுதவில்லை, படிக்காத நான் கேட்கவில்லை.

மரத்தடியில் கிடைமட்டமாகப் பிடித்து, எத்தனை கட்டத்தில் வானம் தெரிகிறது என்று எண்ணுவோமே, அந்தக் கட்டம் போட்ட கண்ணாடியை இந்தப் பொட்டலத்தில் அனுப்பியிருக்கிறேன். உடையாமல் துண்டில் சுற்றியிருக்கிறேன். துண்டைத் திருப்ப வேண்டாம்.

அமுதவள்ளி


பிரிக்பீல்ட்ஸ்,
20 மே 2024

அன்புள்ள அமுதவள்ளி,

கண்ணாடி உடையாமல் வந்தது. ஆறு வாரமாக மேசைமேல் வைத்திருக்கிறேன். அதில் என் வீட்டுக் கூரைவிசிறிதான் தெரிகிறது.

நான் எழுதியது கடுமை. மன்னியுங்கள் என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது. அவ்வளவு எளிதாக நீங்கள் மன்னித்துவிடக்கூடாது என்றும் தோன்றுகிறது. அந்த வியாழக்கிழமைப் போன்களை யோசித்துப் பார்த்தேன். எங்கள் அப்பா ரயில்வே கணக்கு ஆபீசில் பெரிய கிராணி. அவர் எங்கே போனாலும் முன்கூட்டிச் சொல்லிவிட்டுப் போவதுதான் மரியாதை என்று வளர்த்தார். உங்களுக்கு மரியாதை செய்வதாக நினைத்துத்தான் நானும் சொல்லிவிட்டு வந்தேன். அது பெரட்டுச் சத்தமாக உங்கள் காதில் விழும் என்று எனக்குத் தெரியாமல் போய்விட்டது.

இப்போது ஒரு விஷயம். யோசித்து யோசித்துக் களைத்துப்போய் எழுதுகிறேன். நடந்தது நம் இருவருக்கும் பழனியப்பனுக்கும் மட்டும்தான் தெரியும். அவருக்கும் அதன் அர்த்தம் தெரியாது. அவருடைய இரண்டு மாதத் தாள்களை ஒதுக்கிவிட்டு, ஐந்து வருடக் கணக்கை அப்படியே கொடுத்துவிடலாம் என்று நினைக்கிறேன். நாலுக்கு எதிராகப் பதினாலு. கமலநாதன் வேறு கேள்வியே கேட்கமாட்டார். ஒன்பது ஏக்கர் தப்பித்துவிடும். செம்பனைக்குக் கீழே செடிவகை குறைவு என்று உலகம் முழுக்க எழுதியிருக்கிறார்கள். நாம் சொல்வது முழுப்பொய்யும் அல்ல, அளவுதான் கொஞ்சம் கூடுதல்.

முப்பத்திரண்டு வருட வேலையில் நான் ஒரு எண்ணைக்கூட மாற்றியதில்லை. ஆனால் மறுபடி தொடங்க எனக்குக் காலும் இல்லை, காலமும் இல்லை. அறிக்கையில் என் பெயருக்குப் பக்கத்தில் உங்கள் பெயரும் வரும். இதை முன்பே முடிவு செய்துவிட்டேன், சமாதானத்துக்காகச் சொல்லவில்லை.

சரி என்று ஒரு வரி எழுதினால் போதும்.

குணேஸ்வரி


காப்பார்,
1 ஜூன் 2024

டாக்டர் அம்மா அவர்களுக்கு,

சரி என்று எழுத முடியாது.

உங்களுக்கு இராஜம்மாவைத் தெரியாது. முன்பு நான் வேலை செய்த தோட்டத்தில் எனக்குப் பக்கத்து மர நிரையில் மருந்தடித்தவள். ஒரு நாள் ஆபீஸ் கிராணி பெரட்டுக்கு ஒரு தாள் கொண்டுவந்தார். "எல்லாரும் ஒரு கையெழுத்து போடுங்க, சும்மா பார்மாலிட்டி லா" என்றார். என்ன எழுதியிருக்கிறது என்று நாங்கள் கேட்கவில்லை. கேட்டால் அன்றைக்கு வேலை இல்லை. எங்களுக்குக் கையுறையும் முகமூடியும் கொடுத்துவிட்டதாக அதில் எழுதியிருந்தது. ஒன்றும் கொடுக்கவில்லை. மூன்று வருடம் கழித்து இராஜம்மாவுக்கு நகம் ஒவ்வொன்றாக விழுந்தது, வலது கண் மங்கியது. அவள் போய்க் கேட்டபோது கிராணி அந்தத் தாளைத்தான் எடுத்துக் காட்டினார். அவள் கையெழுத்துக்குக் கீழே என் கையெழுத்து. "அமுதா, நீயாச்சும் வந்து சொல்லேன்டி, குடுக்கலன்னு" என்றாள். நான் போய்ச் சொன்னேன். "அப்ப ஏம்மா சைன் பண்ணுன?" என்றார்கள்.

இப்போது நீங்களும் ஒரு தாள் கொண்டுவருகிறீர்கள். நல்லதுக்குத்தான் கொண்டுவருகிறீர்கள் என்று எனக்குப் புரிகிறது. அந்த மரங்கள் மேல் எனக்கு ஆசை இல்லையா? அங்கே இருக்கிற பெத்தாய் மரம் ஒவ்வொன்றும் யார் வைத்தது என்று என்னால் சொல்லமுடியும். ஆனால் என் பெயர் போட்டுப் பொய்க்கணக்கு போகக்கூடாது. என் பெயரை எடுத்துவிட்டு அனுப்பிக்கொள்ளுங்கள் என்று எழுத நினைத்தேன். அதுவும் மனது கேட்கவில்லை.

மார்ச் மாதம் நீங்கள் திட்டியதிலிருந்து செம்பனைச் சதுரத்தை நான் தொடவில்லை. தானாக வளர்ந்து கிடக்கிறது. செப்டம்பருக்கு இன்னும் நாள் இருக்கிறது. அறுபது சதுரத்தையும் மறுபடி நான் எண்ணுகிறேன். எது வருகிறதோ வரட்டும்.

கண்ணாடியைத் திருப்பி அனுப்புங்கள்.

அமுதவள்ளி


பிரிக்பீல்ட்ஸ்,
9 ஜூன் 2024

அன்புள்ள அமுதவள்ளி,

கண்ணாடி அனுப்பியிருக்கிறேன். புதுத் தாள்களும் வைத்திருக்கிறேன். மேலே முதல் வரியில், எதையும் பிடுங்கவேண்டாம் என்று பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறேன். உங்களுக்காக அல்ல, எனக்காக.

உங்கள் கடிதத்தைப் படித்ததிலிருந்து வெட்கமாக இருக்கிறது. எண்ணி முடிந்ததும் எழுதுங்கள். எப்போது எண்ணுகிறீர்கள் என்று கேட்கமாட்டேன்.

குணேஸ்வரி


காப்பார்,
18 ஆகஸ்டு 2024

டாக்டர் அக்காவுக்கு,

எண்ணி முடித்துவிட்டேன். பதினேழு நாள் ஆனது. முதுகு என்னுடையதா பழனியப்பன் அண்ணனுடைய பழைய லோரியா என்று தெரியவில்லை. அட்டை இரண்டு காலிலும் கடித்தது. நான் பார்த்துப் பார்த்து எண்ணியதை அண்ணனும் கூடவே வந்து தனியாக எண்ணினார், இரண்டும் ஒத்துப்போகிறது.

கெட்ட செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். செம்பனைக்கு அடியில் சதுரத்துக்குப் பன்னிரண்டு வகை. ஒன்பது ஏக்கரில் பதினாலு. அவ்வளவுதான் வித்தியாசம். நான் வாயை மூடிக்கொண்டு சரி என்று எழுதியிருந்தால் மரம் தப்பித்திருக்கும். நேர்மை பேசி மரத்துக்கு வாய்க்கரிசி போட்டுவிட்டேன் என்று அழுதேன்.

ஆனால் எழுதும்போது கை ஒன்றைக் கண்டுபிடித்தது அக்கா. செம்பனைத் தாளில் முதல் சதுரத்துக்குப் பன்னிரண்டு பெயர் எழுதினேன். இரண்டாவதுக்கும் கிட்டத்தட்ட அதே பெயர். ஏழாவது, எட்டாவது வரும்போது பார்க்காமலே எழுதலாம் போலிருந்தது. முப்பது சதுரமும் முடித்து மொத்தப் பெயரை எண்ணினால் பத்தொன்பது. ஒன்பது ஏக்கரில் ஒவ்வொரு சதுரத்துக்கும் பேனாவை நிறுத்தி யோசிக்கவேண்டியிருந்தது. முப்பது சதுரத்துக்கும் சேர்த்து எண்பத்தாறு! நம்பாமல் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் மறுபடி எழுதிக் கூட்டினேன். எண்பத்தாறுதான்.

கண்ணாடியையும் பார்த்தேன். செம்பனையில் எங்கே பிடித்தாலும் வானம் நாலு கட்டம், ஐந்து கட்டம். ஒரே நாளில் நட்டது, ஒரே உயரம், ஒரே நிழல். அந்த நிழலுக்குப் பழகிய செடிதான் எல்லா இடத்திலும் வருகிறது. ஒன்பது ஏக்கரில் அப்படி இல்லை. மங்குஸ்தீனுக்கு அடியில் ஒரு கட்டம்கூட வானம் இல்லை, ஒரு சேம்பும் இரண்டு காட்டு இஞ்சியும்தான். பெத்தாய்க்கு இலை சின்னது, வெளிச்சம் சலித்துச் சலித்து விழுகிறது, அங்கே இருபது வகை. கிழட்டு ரப்பர்ப் பால்மரம் ஒன்று விழுந்த இடத்தில் வானம் பதினெட்டுக் கட்டம், அங்கே தொட்டாச்சிணுங்கிகூட இருக்கிறது. மேலே இருக்கிற ஆள் மாறினால் கீழே இருக்கிற ஆளும் மாறுகிறார்கள்.

இது உங்களுக்கு உதவுமா? இல்லை, எனக்கு மட்டும் பெரிதாகத் தெரிகிறதா? இரண்டு தாளையும் இலைக்கட்டோடு வைத்திருக்கிறேன்.

அமுதவள்ளி


பிரிக்பீல்ட்ஸ்,
29 செப்டம்பர் 2024

அன்புள்ள அமுதவள்ளி,

உதவியதா என்று கேட்டீர்களே. உங்கள் தாளைப் பார்த்த அன்று நான் லிப்ட்டில் இறங்கி, கந்தசுவாமி கோயில் வரைக்கும் நடந்து திரும்பினேன். பிசியோ பெண் நம்பவில்லை.

ஒரு சதுரத்தில் எத்தனை என்பதையே ஐந்து வருடமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். இத்தனை சதுரத்தையும் சேர்த்தால் எத்தனை என்பது பாடப்புத்தகத்தில் இருக்கிற விஷயம், நானே வகுப்பில் சொல்லிக்கொடுத்ததுதான். நாலும் பதினாலும் அவ்வளவு வசதியாக இருந்ததால் அந்தப் பக்கம் நான் திரும்பவேயில்லை.

இன்னொன்றும் சொல்லவேண்டும். போன செவ்வாய்க்கிழமை நான் காப்பார் வந்தேன். போன் செய்யவில்லை. கிள்ளான் வரை ரயில், அங்கிருந்து கிராப் வாடகைக் கார். நீங்கள் வீட்டில் இல்லை, காஜாங் போயிருப்பதாகப் பக்கத்து வீட்டு அக்கா சொன்னார். கைத்தடியை ஊன்றிக்கொண்டு செம்பனைச் சதுரங்களில் நாலை மட்டும் பார்த்தேன். முழங்கால் உயரத்துக்குப் பெரணி. ஐந்து வருடத்தில் நான் அந்த இடத்தை உள்ளபடி பார்த்தது அன்றுதான். திரும்பும்போது ஒன்பது ஏக்கரின் ஓரத்தில் ஒரு பலகையில் உட்கார்ந்துவிட்டேன், எழுந்திருக்க இருபது நிமிடம் ஆனது.

அங்கிருந்து நேரே கமலநாதனிடம் போய் அறிக்கையைக் கொடுத்தேன். நின்றபடியே புரட்டினார். "டாக்டர், பன்னெண்டு, பதினாலு... ரெண்டும் கிட்டக்கிட்ட தானே வருது? ஹெட் ஆபிஸ்ல இந்த நம்பரத்தான் பார்ப்பாங்க" என்றார். எண்பத்தாறையும் பத்தொன்பதையும் விளக்கினேன். தலையாட்டினார். "மேல அனுப்பறேன், பார்ப்போம் லா" என்றார். எனக்கு நம்பிக்கை இல்லை. இருந்தாலும் மனதில் பாரம் இல்லாமல் கார் ஏறினேன், அதை உங்களிடம் சொல்லாமல் இருக்கமுடியவில்லை.

அறிக்கை ஆங்கிலத்தில் இருக்கிறது. உங்களுக்காக முழுவதையும் தமிழில் எழுதி அனுப்புகிறேன், மூன்று ஞாயிற்றுக்கிழமை பிடித்தது. முகப்பில் இரண்டு பெயரும் இருக்கின்றன. நாலாம் பக்கத்தில் பழைய கணக்கைப் பற்றி இப்படி எழுதியிருக்கிறேன்: "முதல் ஐந்தாண்டு எண்ணிக்கை பிழையானது என்பதால் பயன்படுத்தப்படவில்லை. வருகை நாளை முன்கூட்டியே அறிவித்ததும், களவிதிகளை முழுமையாக எழுதித் தராததும் முதன்மை ஆய்வாளரின் பிழைகள்." உங்கள்மேல் ஒரு துரும்பும் விழாதபடி எழுதியிருக்கிறேன். நான் மார்ச்சில் பேசிய பேச்சுக்கு இதுவாவது செய்யவேண்டும்.

அன்புடன்
குணேஸ்வரி


காப்பார்,
3 டிசம்பர் 2024

டாக்டர் அக்காவுக்கு அமுதவள்ளி எழுதுவது.

நீங்கள் ஓய்வு பெறுகிற மாதத்தில் நல்ல செய்தியாக எழுத ஆசை. பாதிதான் நல்ல செய்தி. ரோட்டுப் பக்கம் ஐந்து ஏக்கரை வெட்டுகிறார்கள். கால்வாய் ஓரம் நாலு ஏக்கரை விட்டுவிட்டார்கள். கமலநாதன் வீட்டுக்கே வந்து சொன்னார். "அக்கா, அந்த எம்பத்தாறு லிஸ்ட்ட பார்த்துட்டு மேல ஒருத்தர் சண்ட போட்டாராம். இல்லன்னா முழுசும் போயிருக்கும்" என்றார். நம்முடைய பழைய கணக்கைக் கொடுத்திருந்தால் ஒன்பதும் நின்றிருக்குமோ என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. கேட்கவில்லை. திங்கட்கிழமையிலிருந்து ரம்பச் சத்தம் வீடு வரைக்கும் கேட்கிறது. அடியில் இருபது வகை இருந்த அந்தப் பெத்தாய் விழுந்துவிட்டது. போய்ப் பார்க்கத் தெம்பில்லை.

அறிக்கையைப் படித்தேன். ஒரு நாளைக்கு இரண்டு பக்கமாகப் படித்தேன். முகப்பில் என் பெயரைப் பார்த்தேன். மலர்விழி அதைப் படம் எடுத்து எல்லாருக்கும் அனுப்பிவிட்டாள். மண்டோர் மீசைக்கு ஒரு உண்மையான பெயர் இருப்பதும் தெரிந்துகொண்டேன். மீசையே நல்ல பெயர்.

நாலாம் பக்கம் வந்ததும் நின்றுவிட்டேன். நீங்கள் என்மேல் பாசத்தில் எழுதியிருக்கிறீர்கள், அது எனக்குத் தெரியும், கோபித்துக்கொள்ளாதீர்கள். முப்பது வருடம் நான் செய்த வேலையெல்லாம் மண்டோர் பெயரில்தான் போனது. நிரை சுத்தமாக இருந்தால் மண்டோர் கெட்டிக்காரர். மோசமாக இருந்தால் கேங் சரியில்லை என்பார்கள். அங்கேயும் என் பெயர் வராது. நல்லதுக்கும் நான் இல்லை, கெட்டதுக்கும் நான் இல்லை. இப்போது உங்கள் அறிக்கையில் எண்ணியது நான், பிழை மட்டும் உங்களுடையது. அப்படியென்றால் வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமையாக அங்கே குனிந்து நின்றது யார்?

நீங்கள் செய்த பிழையை எழுதிக்கொள்ளுங்கள், அது உங்களுடையது. அதற்குக் கீழே இன்னொரு வரி போடுங்கள். தமிழில் மட்டும் போட்டு என்னைச் சமாளிக்கவேண்டாம், ஆங்கிலத்திலும் போடுங்கள், மேலிடத்துக்குப் போனதிலும் போடுங்கள். மலர்விழியை விட்டுப் படிக்கச் சொல்லிப் பார்ப்பேன்.

இப்படிப் போடுங்கள்: எண்ணுவதற்கு முன் சதுரங்களைச் சுத்தம் செய்தவர் அமுதவள்ளி.